பிடித்தவுடன் அணைந்துபோகும் பெட்ரோல் மோவர்: எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

புல்வெட்டும் உங்கள் பெட்ரோல் மோவர் சில மாதம் சும்மா நின்றிருக்கிறது. இப்போது கயிற்றை இழுத்தால் பிடிக்கிறது, இரண்டு மூன்று விநாடியில் அணைந்துவிடுகிறது. எப்போதாவது தொடர்ந்து ஓடினாலும் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கிப் போடலாமா, அப்படியே பிளேடையும் கழற்றித் தீட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்குக் கார்புரேட்டர் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் பழைய பெட்ரோலையும், அது அடைத்துவைத்த ஒரு சின்னத் துளையையும்தான் காட்டுகின்றன. அதை விரிவாகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்ட பிளேடு விஷயத்தை முதலில் பேசிவிட வேண்டும். கார்புரேட்டரில் தவறு செய்தால் மோவர் ஓடாது, அவ்வளவுதான். பிளேடில் தவறு செய்தால் விரல் போய்விடும்.

கையால் தள்ளும் மோவர்களில் பெரும்பாலும் பிளேடு நேராக இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டில், முடுக்கப்பட்டிருக்கும். நடுவில் கியரோ கிளட்ச்சோ கிடையாது. அதனால் நீங்கள் பிளேடைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் மேலும் கீழும் போகும், மேலே இருக்கும் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரமும் சுற்றும். அந்த ஃபிளைவீலில் பதித்த காந்தம் காயில் என்ற கம்பிச்சுருளைக் கடக்கும்போதுதான் பிளக்குக்கு மின்சாரமே பிறக்கிறது. பேட்டரி தேவையில்லை. சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்து, பொறியும் விழுந்துவிட்டால், பிளேடு உங்கள் கையோடு சேர்ந்து சுற்றும். கைப்பிடி லீவரை விட்டிருந்தால் பொறி வரக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரே ஒரு மெல்லிய வயரை நம்பி இருக்கிறது. அது அறுந்திருந்தாலோ, முனையில் துருப்பிடித்திருந்தாலோ பாதுகாப்பு இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஆகவே பிளேடை மூடியிருக்கும் கூட்டின் அடியில் கை போகும் எந்த வேலைக்கும் முதல் காரியம் பிளக் வயரைப் பிடுங்குவது. பிடுங்கினால் மட்டும் போதாது. அது தானாகத் திரும்பிப் போய் பிளக் முனையில் படாதபடி தள்ளி மடக்கி, ஒரு துணி சுற்றி வைக்க வேண்டும். புல் சிக்கிக்கொண்டது, ஒரு நிமிட வேலைதான் என்று தோன்றும் நேரங்களில்தான் இதை விட்டுவிடுவோம். அப்போதும் விடாதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் பிளேடைத் தடிமனான கையுறை போட்டே தொடுங்கள். பொறி இல்லாவிட்டாலும் சிலிண்டரில் அழுந்திய காற்று பிளேடைப் பின்னால் உதைத்துத் தள்ளும்.

பிளேடின் வேகம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பாருங்கள். 53 சென்டிமீட்டர் நீளப் பிளேடு நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 80 மீட்டருக்கு மேல் போகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கூழாங்கல் அதில் பட்டால் எப்படிப் பறக்கும் என்பதை யூகித்துக்கொள்ளுங்கள். லீவரை விட்டால் பிளேடு 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982 முதல் இருக்கிறது. உங்கள் மோவரில் லீவரை விட்ட பிறகும் பிளேடு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தால், மற்ற எந்தக் கோளாறையும் விட அதுதான் அவசரம். பிரேக்கைச் சரிசெய்யாமல் புல்லில் இறக்காதீர்கள். லீவரைக் கயிற்றால் கட்டிவைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லியும் கொடுக்காதீர்கள்.

சரி, மோவரைச் சாய்ப்பது. இதில் பலர் புதுக் கோளாறையே உண்டாக்கிவிடுகிறார்கள். முதலில் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும், குழாயில் வால்வு இருந்தால் மூடுங்கள். பிறகு ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சாயுங்கள். கையேட்டில் முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யலாம், பிளக் வானத்தைப் பார்க்கும். தவறான பக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஃபில்டருக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் போய்விடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தெருவே மறையும் அளவுக்கு வெண்புகை வரும். அது ஆயில் எரிகிற புகை, சில நிமிடத்தில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் கயிறு அசையவே மறுத்தால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் நிறைந்திருக்கலாம், திரவம் அழுந்தாது. பிளக்கைக் கழற்றி, துளைக்குமேல் துணி போட்டு, கயிற்றை மெதுவாகச் சில முறை இழுத்தால் ஆயில் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதீர்கள்.

பெட்ரோல் வேலை எல்லாம் திறந்தவெளியில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு படிந்து ஊர்ந்துபோய், தள்ளி இருக்கும் அடுப்பிலோ வாட்டர் ஹீட்டரின் சுடரிலோ பட்டுத் தீப்பிடிக்கும். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் ஆபத்து. கைப்பம்பு போதும். அப்புறம், கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக் கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இனி உங்கள் கோளாறு.

இன்ஜின் பிடித்து இரண்டு விநாடி ஓடுகிறது என்றால் அது உங்களுக்கு ஏற்கெனவே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. பொறி வருகிறது. அழுத்தமும் போதுமானதாக இருக்கிறது. இவை இல்லாமல் அந்த இரண்டு விநாடியும் கிடைத்திருக்காது. நீங்கள் மாற்றிய பழைய பிளக் அநேகமாக நல்ல பிளக்தான், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் சோக் மூடியிருப்பதாலோ, பெட்ரோலை உள்ளே தள்ளும் ரப்பர் பிரைமரை அமுக்கியதாலோ கொஞ்சம் பெட்ரோல் வலுக்கட்டாயமாக உள்ளே போகிறது. அது எரிந்து தீர்ந்ததும் கார்புரேட்டர் தன் சொந்த வழியில் பெட்ரோல் கொடுக்க வேண்டும். அங்கேதான் தடை.

சத்தம் ஏறி இறங்குவதும் அதே தடையின் இன்னொரு முகம். மோவரில் வேகத்தைச் சீராக வைக்க கவர்னர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்தால் இன்ஜின் தளரும். இன்ஜினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் கவர்னர் உடனே திறக்கும், வேகம் எகிறும். எகிறியதும் கவர்னர் மூடும், மறுபடி தளரும். இதைப் பார்த்து கவர்னர் கெட்டுவிட்டது என்று அதன் ஸ்பிரிங்கை வளைத்து முறுக்குகிறவர்கள் உண்டு. அதைத் தொடாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது. தவிர, அதை மாற்றினால் இன்ஜின் வரம்பு மீறிய வேகத்தில் ஓடும், பிளேடும் கூடவே ஓடும்.

உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் மோவரில் கையால் இயக்கும் சோக் இருந்தால், இன்ஜின் ஓடும் கொஞ்ச நேரத்தில் அதைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சமமாகிவிட்டால் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றைக் குறைத்ததும் இருக்கிற பெட்ரோல் போதுமானதாகிவிடுகிறது. ஒரு பைசா செலவில்லாத சோதனை. எந்த உதிரிபாகம் வாங்குவதற்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள்.

பழைய பெட்ரோல் என்ன செய்கிறது? அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சியது மெல்ல மெல்லப் பிசினாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். கார்புரேட்டர் எடுப்பதும் அந்த அடியிலிருந்துதான். முகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்: புதுப் பெட்ரோலின் கூர்மையான வாசனை போய், வார்னிஷ் போலப் புளித்த வாசனை வரும். சிறு இன்ஜின்களுக்கு 10 சதவீத எத்தனால் வரை பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் போகக் கையேடு வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் போங்கள்.

முதல் வேலை, டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றி முயல்வது. எடுத்த பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதற்குரிய கேனில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உங்களுடையது நாலு ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயிலுக்கு என்று தனி மூடி இருந்தால் அது நாலு ஸ்ட்ரோக்தான். சில சமயம் புதுப் பெட்ரோலிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கார்புரேட்டரைத் திறக்கலாம்.

திறப்பதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். குறிப்பாக, எந்தச் சின்ன ஸ்பிரிங், எந்தக் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று. பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கும், பிறகு நினைவுக்கு வராது. பெரும்பாலான மோவர்களில் கார்புரேட்டரை முழுதாகக் கழற்றவே வேண்டியதில்லை. பிளக் வயரைப் பிடுங்குங்கள், பெட்ரோல் வால்வை மூடுங்கள், வால்வு இல்லாவிட்டால் குழாயைக் கிளிப்பால் அழுத்துங்கள். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். அதை ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கும். கீழே பாத்திரம் வைத்துக் கழற்றினால் கொஞ்சம் பெட்ரோல் கொட்டும். கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், வெள்ளைப் பொடி, பச்சைப் படிவு, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இப்போது அந்த போல்ட்டைப் பாருங்கள். பல மாடல்களில் போல்ட்டே ஜெட்டாகவும், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளைப் பாகமாகவும் இருக்கும். நடுவிலும் பக்கவாட்டிலும் ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் துளைக்கு அந்தப் பக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் மோவரின் வியாதி அதுதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும், மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும் போதும். துரப்பண முனையோ எஃகு ஊசியோ விடாதீர்கள். துளை இம்மியளவு பெரிதானாலும் கலவைக் கணக்கு கெட்டுவிடும். ஸ்பிரே ஒரு துளையில் போய் நீங்கள் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. போல்ட்டில் ஜெட் இல்லாத மாடலானால், கிண்ணத்துக்கு மேலே நடுத்தண்டுக்குள் இருக்கும். வேகம் ஏறி இறங்கும் கோளாறு இதற்குப் பிறகும் நீடித்தால், மெதுவோட்டத்துக்கான இன்னொரு ஜெட் அடைத்திருக்கும். அதன் துளை முக்கிய ஜெட்டை விடச் சின்னது. அதைத் தேடித்தான் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிவரும்.

கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது அதன் ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வால்வைத் திறந்துவிட்டு, சில நிமிடம் கசிகிறதா என்று காத்திருந்து, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே பிளக் வயரை மாட்டுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் பாதிச் சோக்கில்தான் ஓடுகிறது என்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் என்ற தகடு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. சில நேரம் இரண்டு போல்ட்டை இறுக்கினாலே நின்றுவிடும். கேஸ்கட்டை மாற்றியும் சரிவராமல், உள்ளே அரிப்பும் தெரிந்தால்தான் புதுக் கார்புரேட்டர்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு கோளாறு உண்டு. பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்து, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறதா? டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை அடைத்திருக்கலாம். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடுகிறது. அணைந்ததும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடிதான் காரணம். சூடானதும் பொறி நின்றுபோகும் காயிலும் இதே மாதிரி நடிக்கும். மூடியைச் சோதித்த பிறகு காயிலைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் மோவர் ஒரு விநாடிகூடப் பிடிக்காத நிலைக்குப் போனால் பாதை வேறு. பல முறை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பொறியைச் சோதிக்க, பிளக்குக்கும் வயருக்கும் நடுவே மாட்டும் சோதனைக் கருவி மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொடவைத்துப் பார்ப்பது பழைய முறை. திறந்த துளை வழியாக வெளியேறும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்திலேயே பொறி விழும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கல்லிலோ மரவேரிலோ மோதிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறது என்றால் ஃபிளைவீலின் கீயைப் பாருங்கள். ஃபிளைவீலையும் ஷாஃப்டையும் பூட்டும் சிறு உலோகத் துண்டு அது. மோதலில் அது நசுங்கினால் ஃபிளைவீல் கொஞ்சம் நகர்ந்து, பொறி தவறான நேரத்தில் விழும். கண்ணுக்குப் பொறி நன்றாகத்தான் தெரியும், அதனால்தான் இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். கீ மலிவானது, ஆனால் கம்பெனி அளவுக்கே வாங்குங்கள். எஃகுத் துண்டை வெட்டிச் செருகக் கூடாது. மோதலுக்குப் பிறகு மோவர் கிடுகிடுவென்று அதிர்ந்தால் பிளேடோ ஷாஃப்டோ வளைந்திருக்கும். புதுப் பிளேடு போட்டும் அதிர்வு போகவில்லை என்றால் அது ஷாஃப்ட். அந்த மோவரை ஓட்டாதீர்கள். ஷாஃப்டைத் தட்டி நிமிர்த்துவதும் வேண்டாம்.

பிளேடைத் தீட்டுவது ஒன்றும் கடினமில்லை. வயரைப் பிடுங்கி, சரியான பக்கம் சாய்த்து, பிளேடுக்கும் கூட்டுக்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து போல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றுமுன் தரையைப் பார்க்கும் பக்கத்தில் பெயின்ட்டால் ஒரு குறி போடுங்கள். தலைகீழாக மாட்டினால் புல்லை வெட்டாது, அடித்துச் சிதைக்கும். காற்றை எழுப்பும் வளைந்த பகுதி எப்போதும் கூட்டைப் பார்த்து, மேல்நோக்கி இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சரிவிலேயே அரத்தால் ஒரே திசையில் தீட்டுங்கள். பொதுவாக 30 டிகிரி அளவில் இருக்கும். சவரக்கத்தி போல மெலிதாக்க வேண்டாம், முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டரில் பிடித்து நீலம் பாயவிட்டால் எஃகின் பதம் போய்விடும். பிறகு சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். விரிசல் தெரிந்தாலோ, வளைந்த பகுதியின் அடிப்புறம் தேய்ந்து மெலிந்திருந்தாலோ தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். இதற்கு முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இரவல் வாங்கினாலும் தகும்.

ஆயிலும் ஃபில்டரும் எளிது. புது இன்ஜினில் முதல் மாற்று சீக்கிரமே வரும், பிறகு 50 மணிநேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்பது பல இன்ஜின்களுக்குப் பொருந்தும். அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீலப்புகை வரும். கரும்புகை வந்தால் சோக் மூடியே இருக்கிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காகித ஃபில்டரைத் தட்டலாம், கழுவக்கூடாது, அழுத்தக்காற்று அடித்தால் கிழியும். பஞ்சு ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஆயிலில் லேசாக நனைத்துப் பிழியுங்கள். பிளக்கை மாட்டும்போது முதல் சுற்றுகளை விரலாலேயே திருப்புங்கள். அலுமினியத் தலையில் மரை கோணலாக ஏறிவிட்டால் பெரிய செலவு.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது செய்ய வேண்டியது இதுதான். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தால், டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீர்ந்து இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அல்லது புதுப் பெட்ரோலில், அது சீக்கிரம் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச்சேரச் சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பழைய பெட்ரோலில் ஸ்டெபிலைசர் ஊற்றினால் கெட்டது நல்லதாகாது. கேனில் பெட்ரோல் வாங்கும்போதே வாங்கிய தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள், ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.